விதைக்கு வாதாடிய வழக்கறிஞர்

கே.கே. நகர்ச் சாலைகளில் நடப்பவர் கண்ணில் படும் பெயர்ப் பலகைகள் பல நமக்கு நன்கு பழக்கமானவை. பி.டி. ராஜன் சாலை, ஆர்.கே. சண்முகம் சாலை, இலட்சுமணசாமி சாலை, பாரதிதாசன் காலனி என்று அடுத்தடுத்து வரும் அந்தப் பெயர்களே தமிழகத்தின் அரை நூற்றாண்டு வரலாற்றைச் சொல்லும். கலைஞரின் பெயரைத் தாங்கிய நகருக்கு அவை பொருத்தமான அணிகலன்கள். இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டவரின் பெயர் அந்தப் பலகைகளில் இல்லை. அவர் நம் அணியில் நின்றவரல்லர். எதிரணியில் தளபதியாக நின்றவர். தேர்தல் களத்திலே நம்மால் தோற்கடிக்கப்பட்டவர். எனினும் அவர் வாழ்க்கையை நம் தோழர்கள் இன்று படித்தாக வேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

நியாயவிலைக் கடை வரிசையிலும் தேநீர்க் கடை விசுப்பலகையிலும் ஒரு பேச்சு அடிபடுகிறது. மரபணுவைத் திருத்திய நெல் வரப்போகிறதாம். 2025 மே மாதத்தில் அத்தகைய நெல் வகைகள் இரண்டை டில்லியின் வேளாண் அமைச்சர் அறிவித்தார். உடனே ஒரு சாரார் அதை நஞ்சு என்றனர். உண்டால் குலமே அழியும் என்று பயமுறுத்தினர். மற்றொரு சாரார் அதை அமுதம் என்றனர். விதைத்த மறுநாளே வறுமை ஒழியும் என்று வாக்களித்தனர். இரு சாராரிலும் அது இன்னதென்று அறிந்து பேசுவோர் எத்தனை பேர்? விஞ்ஞானிக்கு மக்களின் மொழி தெரிவதில்லை. அரசியல்வாதிக்கு விஞ்ஞானத்தின் மொழி தெரிவதில்லை. இடையிலே நிற்கும் உழவனும் உழைப்பாளியும் யார் சொல்வதை நம்புவது என்று திகைக்கிறார்கள்.

இதே திகைப்பு 60 ஆண்டுகளுக்கு முன்னும் இந்த நாட்டில் இருந்தது. அன்றும் வெளிநாட்டிலிருந்து புதுவிதை வந்தது. அன்றும் அச்சமும் ஆரவாரமும் சேர்ந்தே எழுந்தன. அன்று விஞ்ஞானிக்கும் வயலுக்கும் இடையே, வயலுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நின்று வாதாடிய ஒரு தமிழர் இருந்தார். அவர்தாம் சி. சுப்பிரமணியம்.

எதிரணித் தளபதி

கோவை மாவட்டம் பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையம் என்ற சிற்றூர். அங்கே 1910-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார் சுப்பிரமணியம். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பிறகு சட்டம் பயின்று வழக்கறிஞரானார். இந்த இரண்டையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இயற்பியல் அவருக்கு விஞ்ஞானியின் பேச்சைப் புரிந்துகொள்ளும் காதைத் தந்தது. சட்டம் அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் நாவைத் தந்தது. பிறந்த மண் உழவன் எதை நம்புவான், எதை நம்பமாட்டான் என்பதைக் கற்றுத் தந்தது.

காங்கிரசிலே சேர்ந்து சிறை சென்றார். 1942 போராட்டத்திலும் சிறை கண்டார். அரசியல் நிர்ணய சபையிலே உறுப்பினராக இருந்தார். 1952-இல் இராசகோபாலாச்சாரியார் சென்னை மாநில முதலமைச்சரானபோது அமைச்சரவையில் இடம் பெற்றார்.

நம் இயக்கத்தவர் அவரை முதலில் அறிந்தது நல்ல காரணத்துக்காக அன்று. 1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்த அரைநேரக் கல்வித் திட்டத்தை, நாம் குலக்கல்வித் திட்டம் என்று அடையாளங்காட்டி எதிர்த்த அந்தத் திட்டத்தை, ஆட்சியின் சார்பில் தாங்கிப் பிடித்தவர்களில் அவர் முன்வரிசையில் நின்றார். மக்களைக் கேளாமல், ஆசிரியர்களைக் கேளாமல், மேலிருந்து இறக்கப்பட்ட திட்டம் அது. நாடு கொதித்தது. ஆச்சாரியார் பதவியை விட்டு விலகினார். அடுத்த தலைவர் யார் என்ற போட்டியிலே காமராசரை எதிர்த்து நின்ற சுப்பிரமணியம் தோற்றார். தோற்றவரைக் காமராசர் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். 1954 மே மாதத்தில் அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டதை அறிவிக்கும் பொறுப்பும் கல்வி அமைச்சர் சுப்பிரமணியத்தின் தலையிலேயே விழுந்தது.

மக்கள் ஏற்காத திட்டத்தை எத்தனை பெரிய மேதை வகுத்தாலும் அது நிலைக்காது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? அந்தப் பாடத்தை அவர் உணர்ந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால நடத்தையே சான்று. காமராசர் ஆட்சியிலே பகலுணவுத் திட்டம் விரிந்தபோதும், ஊருக்கு ஊர் பள்ளிகள் எழுந்தபோதும் அவர் கல்வி அமைச்சர். அந்தத் திட்டம் ஊர் மக்களை நாடிச் சென்றது. நெல்லும் காயும் விறகும் ஊர்களிலிருந்தே வந்தன. முன்னது வீழ்ந்தது, பின்னது வாழ்ந்தது.

1962-இல் நாடாளுமன்றம் சென்று இரும்புத் துறை அமைச்சரானார். 1964 சூனில் லால்பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது உணவு, வேளாண்மைத் துறைகளைச் சுப்பிரமணியத்திடம் ஒப்படைத்தார். டில்லியிலே எவரும் விரும்பாத நாற்காலி அது. அதில் அமர்ந்தவர் பெயர் கெட்டுத்தான் எழுந்திருப்பார் என்பது அன்றைய நிலை.

கப்பலை எதிர்பார்த்த நாடு

அன்றைய நிலைமையை இன்றைய இளந்தோழர்கள் அறியமாட்டார்கள். 1943-இல் வங்கத்திலே பஞ்சத்தால் மாண்டவர்கள் 30 இலட்சம் வரை என்பது கணக்கு. விடுதலை பெற்று 17 ஆண்டுகள் ஆகியும் அந்த அச்சம் நீங்கவில்லை. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் கோதுமை வந்தால் பங்கீட்டுக் கடை திறக்கும். கப்பல் தாமதித்தால் கடை வாயிலில் கூட்டம் கூக்குரலிடும். துறைமுகத்திலிருந்து நேரே வயிற்றுக்கு என்ற நிலை. வியட்நாம் போரை இந்தியா கண்டித்தது என்பதற்காக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சான்சன், தானியத்தை மொத்தமாக அனுப்பாமல் மாதம் மாதமாக அளந்து அனுப்பி நம் நாட்டின் மானத்தோடு விளையாடினார்.

1964-65-இல் நாட்டின் உணவு தானிய விளைச்சல் 8 கோடியே 90 இலட்சம் டன். மறு ஆண்டு மழை பொய்த்தது; 7 கோடியே 20 இலட்சம் டன்னாகச் சரிந்தது. அதற்கடுத்த ஆண்டும் வறட்சி. 1966-இல் மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்ய நேர்ந்தது. திங்கட்கிழமை ஒரு வேளை உணவை விட்டுவிடும்படி பிரதமரே மக்களைக் கேட்டுக்கொண்டார். மூன்று வேளையும் உண்டவனுக்கு அது தியாகம். ஒரு வேளையே உண்டவன் எதை விடுவது?

பிச்சைப் பாத்திரத்தோடு எத்தனை நாள் நிற்பது என்ற கேள்விக்கு விடை தேடினார் சுப்பிரமணியம். விடை அவருடைய துறையின் ஆராய்ச்சிக் கழகத்திலேயே, டில்லி பூசா வளாகத்தின் வயலிலே, பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

குட்டைத் தாளின் கதை

நம் நாட்டுப் பழைய கோதுமை நெட்டையானது. விளைச்சல் பெருக உரமிட்டால் தாள் இன்னும் நீளும். கதிர் கனத்ததும் நிற்க வலுவின்றிச் சாய்ந்துவிடும். அதனால் உரமிட்டவன் கெட்டான்; இடாதவன் இளைத்தான். ஹெக்டேருக்கு ஒரு டன்னைக்கூட எட்டாத சராசரி விளைச்சலோடு உழவன் உழன்றான்.

சப்பானிலே நோரின் 10 என்றொரு குட்டைக் கோதுமை இருந்தது. அதன் குட்டைத் தன்மை அமெரிக்கா வழியாக மெக்சிகோ சென்றது. அங்கே நார்மன் போர்லாக் என்ற விஞ்ஞானி அதை வேறு வகைகளோடு ஒட்டுச் சேர்த்துப் புதிய விதைகளைப் படைத்தார். தாள் குட்டை, கதிர் கனம், எத்தனை உரமிட்டாலும் நிமிர்ந்து நிற்கும். பூசாவில் பணியாற்றிய கும்பகோணத்துத் தமிழர் எம்.எஸ். சுவாமிநாதன் அந்த விதையின் அருமையை உணர்ந்தார். அவர் முயற்சியால் 1963-இல் போர்லாக் இந்தியா வந்து வயல்களைப் பார்த்தார். சோதனை வயல்களில் ஹெக்டேருக்கு நான்கு டன், ஐந்து டன் என்று விளைந்தது.

விளைந்தது சரி. ஆனால் சோதனை வயல் என்பது சில ஏக்கர். நாடு என்பது கோடிக்கணக்கான ஏக்கர். இடையிலே இருப்பது என்ன? சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது விஞ்ஞானியின் வேலையன்று. அரசியல் தலைவனின் வேலை. அந்த வேலையைத்தான் சுப்பிரமணியம் ஏற்றார்.

மூன்று மன்றங்கள்

முதலில் அவர் தாமே கற்றுக்கொண்டார். அமைச்சர் என்பதால் எல்லாம் தெரிந்தவர் என்ற பாவனை அவரிடம் இல்லை. விஞ்ஞானிகளை அழைத்து அமரவைத்துக் கேட்டார். அதுவரை வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பீடத்தில் ஐ.சி.எஸ். அதிகாரிகளே அமர்ந்துவந்தனர். நெல்லையும் புல்லையும் பிரித்தறிந்த விஞ்ஞானி, கோப்பை மட்டும் அறிந்த அதிகாரியின்முன் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. அந்த முறையை மாற்றி, 1965-இல் பி.பி. பால் என்ற விஞ்ஞானியையே தலைமை இயக்குநராக்கினார். அறிவுக்கு அதிகாரத்தைத் தந்தார்.

பிறகு வாதம் தொடங்கியது. முதல் மன்றம் அமைச்சரவை. விதை வாங்க வேண்டும். உரம் வாங்க வேண்டும். அந்நியச் செலாவணி வேண்டும். கருவூலத்தின் சாவி நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியாரிடம். அவரும் தமிழ்நாட்டவரே, ஆயினும் இசையவில்லை. கையிருப்பே கரைந்துகொண்டிருக்கும்போது உரத்துக்கும் விதைக்கும் வாரியிறைப்பதா என்பது அவர் பக்கத்து வாதம். இன்று உரத்துக்குத் தரத் தயங்கும் பணத்தை நாளை தானியத்துக்குத் தந்தே தீரவேண்டும் என்பது சுப்பிரமணியத்தின் எதிர்வாதம். சாஸ்திரி இருவரையும் கேட்டார். உணவமைச்சர் பக்கம் சாய்ந்தார்.

இரண்டாவது மன்றம் நாடாளுமன்றம். அங்கே எதிர்ப்பு பல முனைகளிலிருந்து வந்தது. இது அமெரிக்கச் சூழ்ச்சி என்றனர் இடதுசாரிகள். அந்நிய விதையோடு அந்நிய நோயும் வரும் என்றனர் சிலர். நீரும் நிலமும் உள்ள பெருவிவசாயிக்கே இது பயன்படும்; சிறு உழவன் அழிவான் என்றனர் பொருளியல் அறிஞர் சிலர். இந்த எதிர்ப்புகளிலே சில வெறும் கூச்சல், சில நியாயமானவை. கடைசியாகச் சொன்னது எவ்வளவு நியாயமானது என்பதைப் பின்னே பார்ப்போம். எதிர்த்தவர்களை அறிவிலிகள் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. வயலைக் காட்டி, விளைச்சலைக் காட்டி, கணக்கைக் காட்டி வாதாடினார். தம் டில்லி மாளிகையின் புல்வெளியை உழுது அங்கேயே புதுக் கோதுமையைப் பயிரிட்டார். அமைச்சர் வீட்டுக்கு வந்தவர் எவரும் அந்தக் குட்டைக் கதிரைக் காணாமல் போகமுடியாது. ஆயிரம் பக்க அறிக்கை செய்யாததை அந்தப் புல்வெளி செய்தது.

மூன்றாவது மன்றம் உழவனின் வயல். அரசாங்கப் பண்ணையில் விளைந்ததைக் காட்டினால் உழவன் சிரிப்பான். சர்க்காருக்குப் பணம் உண்டு, ஆள் உண்டு, தண்ணீர் உண்டு. எதுதான் விளையாது என்பான். ஆகவே உழவனுடைய சொந்த நிலத்திலேயே மாதிரி வயல் அமைக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். டில்லிக்கு அருகே ஜௌந்தி என்ற ஊரையே சுவாமிநாதனும் அவர் குழுவினரும் விதைக் கிராமமாக்கினர். பக்கத்து வயல்காரன் வரப்பில் நின்று பார்த்தான், அறுவடையைப் பார்த்தான், அடுத்த பருவத்துக்கு விதை கேட்டு வந்து நின்றான்.

கேட்கும் காதும் இருந்தது. மெக்சிகோ கோதுமை சிவப்பு நிறம். நம் மக்கள் விரும்புவது வெளிர்மஞ்சள். சப்பாத்தி சிவக்கிறது, சந்தையில் விலை குறைகிறது என்று குறை சொன்னார்கள். பட்டினி கிடக்கும் நாட்டுக்கு நிறம் ஒரு கேடா என்று எவரும் அவர்களை ஏசவில்லை. விஞ்ஞானிகள் அதே விதையைத் திருத்தி, வெளிர்மஞ்சள் நிறத்தில் சர்பதி சொனோரா என்ற வகையை 1967-இல் தந்தனர். மக்களுக்கு விளக்குவது என்றால் மக்களிடம் கேட்பதும் அதில் அடங்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இன்னொன்றையும் அவர் மறக்கவில்லை. விளைந்தபின் விலை வீழ்ந்தால் எந்த விதையும் உழவனை வாழவைக்காது. ஆகவே 1965 சனவரியில் வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் பிறந்தன. அந்த உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்ட இடம் நம் தஞ்சாவூர். விதை, உரம், விலை, கொள்முதல் என்ற நான்கையும் ஒரே சங்கிலியாக்கினார்.

இந்த வேலைகளுக்கிடையே தமிழ்நாட்டில் மொழிப்போர் மூண்டது. 1965 சனவரி, பிப்ரவரி மாதங்களில் நம் மாணவரும் மக்களும் சிந்திய செந்நீரை எவர் மறப்பார்? சுப்பிரமணியம் காங்கிரஸ்காரர்தாம், எனினும் அந்தக் காட்சியைக் கண்டு வாளாவிருக்க அவரால் முடியவில்லை. அவரும் ஓ.வி. அழகேசனும் டில்லி அமைச்சரவையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தனர். பிரதமர் வானொலியில் உறுதிமொழி தந்த பின்னரே மீண்டும் பணியேற்றனர். நாற்காலியைவிடப் பெரியது ஒன்று உண்டு என்று அந்த வேளையில் காட்டியதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1965 நவம்பரில் ரோம் நகரிலே அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃபிரீமனோடு ஓர் உடன்பாடு கண்டார். அதற்காக நாட்டை விற்றுவிட்டார் என்ற ஏச்சையும் கேட்டார். 1966 சனவரியில் சாஸ்திரி மறைந்தார். இந்திரா அம்மையார் பிரதமரானார். சுப்பிரமணியம் துறையில் நீடித்தார். அந்த ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வாங்கப்பட்டது. அதுவரை எந்த நாடும் அந்த அளவுக்கு விதை வாங்கியதில்லை என்பர்.

1968-இல் அறுவடை. 1964-65-இல் 1 கோடியே 23 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1 கோடியே 65 இலட்சம் டன்னைத் தொட்டது. பஞ்சாபிலே மூட்டைகளை அடுக்க இடமின்றிப் பள்ளிக்கூடக் கட்டடங்களைக் களஞ்சியமாக்கினார்கள். அதைக் குறிக்க அஞ்சல் தலையும் வெளியிட்டார்கள். அந்த விழாவின்போது சுப்பிரமணியம் அமைச்சராக இல்லை. 1967 தேர்தலில், அரிசிப் பஞ்சத்தால் வெகுண்ட தமிழ் மக்கள் காங்கிரசை வீழ்த்தியபோது, உணவமைச்சராக இருந்த அவரும் தம் கொங்கு மண்ணிலேயே கழக வேட்பாளரிடம் வீழ்ந்தார். விதைத்தவர் அறுவடைக்கு முன்னே வெளியேற்றப்பட்டார். அது மக்கள் தீர்ப்பு. பசித்தவனிடம் அடுத்த ஆண்டு அறுவடையைச் சொல்லி வாக்கு வாங்க முடியாது. அவருக்கு அந்தத் தீர்ப்பு கசந்திருக்கும். ஆனால் தீர்ப்பில் பிழையில்லை.

விட்டுப்போன மன்றம்

தமிழ்நாட்டிலும் புதுவிதை வந்தது. அது மெக்சிகோவிலிருந்து வந்ததன்று, ஆடுதுறையிலே பிறந்தது. சப்பானிய நெல்லோடு நம்முடைய ஜி.இ.பி. 24 நெல்லைச் சேர்த்து உருவாக்கிய ஆடுதுறை 27, தஞ்சைக் குறுவையிலே தழைத்தது. அடுத்துப் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 8 வந்தது. வட ஆற்காட்டு உழவர் ஒருவர் அந்த விளைச்சலைக் கண்டு மகிழ்ந்து தம் பிள்ளைக்கே ஐ.ஆர். எட்டு என்று பெயரிட்டார் என்பதும் வரலாறு. 1967-இல் அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டதே, அந்தத் திட்டத்தை நினைக்கும்போது தஞ்சை வயலின் இந்த மாற்றத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும். படியிலே அரிசி விழ வேண்டுமானால் வயலிலே நெல் விளைய வேண்டும் அல்லவா?

ஆனால் விளைந்த நெல்லில் பங்கு யாருக்கு? இங்கேதான் சுப்பிரமணியத்தின் வழக்கில் ஓர் ஓட்டை விழுகிறது. அமைச்சரவையில் வாதாடினார், நாடாளுமன்றத்தில் வாதாடினார், நிலமுடையவன் வயலில் வாதாடினார். சேரிக்கு அந்த வாதம் போய்ச் சேரவில்லை. நாற்று நட்டவள், களை எடுத்தவள், கதிர் அறுத்தவன் என்ற கோடிக்கணக்கானவர்களிடம் இந்த விதை உங்களுக்கு என்ன தரும் என்று எவரும் சொல்லவில்லை. அவர்களைக் கேட்கவும் இல்லை.

விளைச்சல் பெருகியது, கூலி பெருகவில்லை. கேட்டவர்கள் அடிபட்டார்கள். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, தஞ்சை மாவட்டக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. நம் ஆட்சி நடந்த காலத்தில் நடந்த கொடுமை அது. கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோக நமக்கு உரிமையில்லை. அதன் பிறகே 1969-இல் தஞ்சை உழவுத் தொழிலாளர்க்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது; 1970-இல் கலைஞர் ஆட்சி நில உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து 15 தர ஏக்கராகக் குறைத்தது. விதை முன்னே ஓடியது; நீதி பின்னே நொண்டி வந்தது.

மற்றக் குறைகளும் உண்டு. உரமும் பூச்சிமருந்தும் அளவு மீறின. பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்கு இறங்கியது. நம் பழைய நெல் வகைகள் பல வயலைவிட்டே மறைந்தன. நம்மாழ்வார் போன்றோர் தம் வாழ்நாள் முழுதும் இதை எடுத்துரைத்தனர். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பட்டினியிலிருந்து மீள வழி கேட்ட நாட்டுக்கு அன்று சுப்பிரமணியம் ஒரு வழி காட்டினார். அந்த வழியில் இருந்த முட்களைப் பிறகு வந்தவர்கள் அகற்றியிருக்க வேண்டும்.

அவர் பிற்காலத்தில் திட்டம், தொழில், நிதி, பாதுகாப்பு என்று பல துறைகளை ஆண்டார். மகாராட்டிர ஆளுநராகவும் இருந்தார். 1998-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 90 வயதில், 2000-ஆம் ஆண்டில், சென்னையில் தேசிய வேளாண் நிறுவனம் என்ற அமைப்பைத் தொடங்கினார். சிறு உழவரிடம் புதிய அறிவைக் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். சாகும் ஆண்டிலும் வயலைப் பற்றியே எண்ணியிருந்தார் என்றால் அதைப் பாராட்ட மனம் வேண்டும்.

இன்றைய வழக்கு

இனி இன்றைக்கு வருவோம். அன்றைய விதை ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொரு செடியின் பூவிலே சேர்த்து உருவாக்கியது. இன்று மரபணுவையே நேரடியாகத் தொடுகிறார்கள். இதில் இருவகை உண்டு. வேற்று உயிரின் மரபணுவைக் கொண்டுவந்து பயிரில் புகுத்துவது ஒன்று. பயிரின் சொந்த மரபணுவிலேயே ஓரிடத்தைக் கத்தரித்துத் திருத்துவது மற்றொன்று. முதல் வகைக்கு எடுத்துக்காட்டு பி.டி. பருத்தி. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் மரபணுவைப் பருத்தியில் சேர்த்தார்கள். காய்ப்புழு தின்றால் சாகும். 2002-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளிலே நாட்டின் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே நிறைந்தது. தொடக்கத்தில் மருந்தடிக்கும் செலவு குறைந்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சையும் தாங்கப் பழகிக்கொண்டது.

ஆனால் 1966 கோதுமைக்கும் இந்தப் பருத்திக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அதைத் தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கோதுமையைப் பொது நிறுவனங்கள் தந்தன. விளைந்ததில் ஒரு மூட்டையை எடுத்துவைத்தால் அடுத்த பருவத்துக்கு அதுவே விதை. பி.டி. பருத்தியோ வீரிய ஒட்டு. ஒவ்வொரு பருவமும் கடையில் வாங்கியே தீரவேண்டும். விதை விலைக்கு வரம்பு கட்ட அரசே ஆணை போடும் நிலை வந்தது. சண்டை விஞ்ஞானத்தோடு அன்று. விஞ்ஞானத்தைப் பூட்டிவைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளும் முதலாளியோடு.

அடுத்து பி.டி. கத்தரிக்காய் வந்தது. அதை உருவாக்கும் பணியில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருந்தது. 2010-இல் டில்லி அமைச்சர் செயராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். பின்னர் பிப்ரவரியில் அனுமதியை நிறுத்திவைத்தார். கேட்டது நன்று. ஆனால் அந்த ஏழு நகரங்களில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை! கத்தரிக்காய் தின்னாத வீடு இங்கே உண்டா? வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். சோதனை வயலுக்கே மாநில அரசின் இசைவு வேண்டும் என்ற நிலை வந்ததும் பிறகுதான். கடுகு வழக்கிலே 2024 சூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் வெவ்வேறு தீர்ப்பு எழுதினர். ஆயினும் இதற்கென நாடு தழுவிய கொள்கை ஒன்று வகுக்கப்பட வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

2025-இல் அறிவித்த நெல் வகைகள் இரண்டும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. வேற்று உயிரின் மரபணு அவற்றில் இல்லை. அவற்றை உருவாக்கியவை பொது நிறுவனங்களே. 2022-இல் டில்லி இட்ட ஆணையால் இத்தகைய சில பயிர்களுக்கு முந்தைய கடுமையான அனுமதி முறை தளர்த்தப்பட்டது. மரபணுவைக் கத்தரிக்கும் கருவியின் காப்புரிமையோ பெரும்பாலும் அயல்நாட்டாரிடம். உடலுக்குத் தீங்கா என்றால், இதுவரை சந்தைக்கு வந்த மரபணு மாற்று உணவுகள் பிற உணவைவிடத் தீங்கு செய்ததற்குச் சான்றில்லை என்பதே உலகின் பெரிய அறிவியல் கழகங்கள் ஆராய்ந்து கண்ட முடிவு. அதனால் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறக்கலாம் என்பதில்லை. ஒவ்வொரு விதையையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், சோதனை முடிவை மக்கள் அறிய வெளியிட வேண்டும்.

பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். பேய் என்றால் ஓடமாட்டோம். சாமியாடி சொன்னால் நம்பமாட்டோம். விதையில் மட்டும் பேயைக் கண்டு அஞ்சுவது நமக்கு அழகா? நிறுவனத்தின் விளம்பரத்தைச் சாமி வாக்காக எடுத்துக்கொள்வதும் நமக்கு அழகா? கே.கே. நகரிலிருந்து நடக்கும் தொலைவிலுள்ள சைதாப்பேட்டையில்தான் 1868-இல் வேளாண் பள்ளி தொடங்கிற்று. அது 1906-இல் கோவைக்குச் சென்று கல்லூரியாக வளர்ந்தது. 1971-இல் கலைஞர் ஆட்சியிலே வேளாண் பல்கலைக்கழகமாயிற்று. பயிர் அறிவு நமக்குப் புதியதன்று. அந்தப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகளை நம் படிப்பகங்களுக்கு அழைப்போம். எளிய தமிழில் பேசச் சொல்வோம். எதிர்ப்பவர்களையும் அதே மேடையில் அமர்த்திக் கேட்போம்.

கேட்கும்போது நான்கு கேள்விகளை விடாமல் கேட்போம். இந்த விதைக்கு உடைமையாளர் யார்? விளைந்ததில் எடுத்துவைத்து உழவன் மறுபடி விதைக்கலாமா? சோதித்தவர் யார், முடிவு எங்கே வெளியாகியுள்ளது? நாற்று நடுகிறவளின் கூலியும் வேலையும் இதனால் என்னவாகும்? முதல் மூன்றுக்கும் டில்லியிலிருந்து விடை வரலாம். நான்காவது கேள்வியைச் சுப்பிரமணியம் கேட்கத் தவறினார். அதன் விலையை வெண்மணி கொடுத்தது. அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை உழைப்பாளியின் கட்சிக்கு உண்டு. அதற்கு விடை வராத எந்த விதையையும் தமிழ்நாட்டு வயலில் இறக்க நாம் இசையக்கூடாது; விடை வந்தால், நல்ல விதையை எவர் தந்தாலும் வாங்கி விதைக்கத் தயங்கவும் கூடாது.